என் நாவலின் முடிவு மட்டும் ஏன் சோர்ந்துபோகிறது?

கடிதத்தின் சுருக்கம்

பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டுள்ள இந்த வாசகிக்கு வயது 41. ஆறு ஆண்டுகளாகத் தம் முதல் நாவலை எழுதி வருகிறார். பதினேழு ஆண்டுகளுக்கு முன் வீட்டைவிட்டுப் போன அண்ணன் திரும்பி வந்து வாசலில் நிற்பதோடு கதை தொடங்குகிறது. அழைப்பு மணியை அழுத்தாமல், கைக்குட்டையை எடுத்துக் காலணியின் தூசியைத் துடைத்தபடி அவன் நிற்பதைத் தங்கை சன்னல் வழியே பார்க்கிறாள், கதவைத் திறப்பதில்லை. இந்தத் தொடக்கத்தைப் படித்தவர்கள் அனைவரும் பாராட்டியிருக்கிறார்கள். முதல் நூறு பக்கங்களை மட்டும் வாசித்துவிட்டு ஒரு பதிப்பகம் ஒப்பந்தம் போட்டு, முன்பணத்தில் பாதியையும் கொடுத்திருக்கிறது.

முழுப் பிரதி 340 பக்கம் வந்திருக்கிறது. அதைப் படித்த பதிப்பாளர், "முன்பாதியை எழுதியவரும் பின்பாதியை எழுதியவரும் வேறு வேறு ஆட்கள் போலத் தெரிகிறது" என்று சொல்லிவிட்டார். 180ஆம் பக்கத்துக்கு மேல் கதைக்குள் ஒரு சொத்து வழக்கு நுழைகிறது; புதிதாக ஒரு வழக்கறிஞர் வருகிறார்; கடைசியில் அண்ணன் சாலை விபத்தில் இறந்துபோகிறான். அண்ணனைச் சாகவிடாமல் இருவரையும் சேர்த்துவைக்கும்படி பதிப்பாளர் கேட்கிறார். அது முடியாவிட்டால் தம் பதிப்பகத்தின் எடிட்டரே கடைசி அத்தியாயங்களை எழுதித் தருவார் என்கிறார். நண்பர்களோ, முடிவைச் சொல்லாமல் விட்டுவிட்டால் அதுவே இலக்கியத் தரமாக இருக்கும் என்கிறார்கள். கெடு முடிய மூன்று மாதமே இருக்கிறது. "எனக்குத் தொடங்க மட்டுந்தான் வருகிறது, முடிக்க வரவில்லை. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடலாமா? என் சம்மதம் இல்லாமல் முடிவை மாற்ற அவர்களுக்கு உரிமை உண்டா? பெரிய எழுத்தாளர்களின் நாவல்களே முடிவில் சறுக்கியிருக்கும்போது, முதல் பாதிக்காக வாசகர்கள் என்னை மன்னிக்க மாட்டார்களா?" என்பவை அவருடைய கேள்விகள்.

எடிட்டரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் அனுப்பிய முதல் 40 பக்கங்களையும், நடுப்பகுதியின் அத்தியாயச் சுருக்கத்தையும், கடைசி 60 பக்கங்களையும் இரண்டு முறை படித்தேன். முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் எண்ணத்தை இப்போதைக்கு ஒத்தி வையுங்கள். அந்த வழி கடைசி நாள்வரை திறந்தேதான் இருக்கும்; மனம் சோர்ந்திருக்கும் ஒரு வாரத்தில் எடுக்க வேண்டிய முடிவு அது இல்லை.

உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். முதல் மூன்று அத்தியாயங்களைப் பதினொரு முறை திருத்தி எழுதியதாகவும், கடைசி ஐந்து அத்தியாயங்களைப் பத்தொன்பது நாளில் எழுதி முடித்ததாகவும் அதில் சொல்கிறீர்கள். அந்த வரியைப் படித்தபின், உங்களுக்குத் தொடங்க மட்டுமே வருகிறது என்ற தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. உங்களுடைய பதினோராவது வரைவை உங்களுடைய முதல் வரைவோடு ஒப்பிட்டுவிட்டு, தோற்றது உங்கள் திறமை என்று எழுதியிருக்கிறீர்கள். வாசலில் நிற்கும் அண்ணன் முதல் வரைவிலேயே காலணியைத் துடைத்துக்கொண்டு நின்றானா? அநேகமாக நின்றிருக்க மாட்டான். ஐந்தாவது, ஆறாவது வரைவில்தான் அந்தக் கைக்குட்டை அவன் கைக்கு வந்திருக்கும். முடிவுக்கு அப்படி ஒரு கைக்குட்டையைத் தேடிக் கண்டுபிடிக்கும் காலத்தை நீங்கள் கொடுக்கவே இல்லை.

இதில் எங்கள் தொழிலுக்கும் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பதிப்பகங்கள் முதல் சில அத்தியாயங்களைத்தான் கேட்டு வாங்குகின்றன; பட்டறைகளில் முதல் அத்தியாயத்தைத்தான் வாசித்து விவாதிக்கிறார்கள்; நண்பர்களும் அதைத்தான் பொறுமையாகப் படித்துக் கருத்துச் சொல்கிறார்கள். ஒரு நாவலின் தொடக்கத்தைப் பத்துப்பேர் பார்த்திருப்பார்கள் என்றால் அதன் கடைசி அத்தியாயத்தை, அச்சுக்குப் போகும்வரை எழுதியவரைத் தவிர ஒருவரோ இருவரோ பார்த்திருப்பார்கள். அற்புதமாகத் தொடங்கி வழி தவறிப்போகும் நாவல்கள் இத்தனை இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பது என் அனுபவம்.

கோளாறு தெரியும் இடமும் கோளாறு இருக்கும் இடமும்

முடிவு சரியில்லை என்றால் முடிவைத்தான் திருத்த வேண்டும் என்று நீங்களும் நினைக்கிறீர்கள், உங்கள் பதிப்பாளரும் நினைக்கிறார். நான் பார்த்த பிரதிகளில் பெரும்பாலானவற்றில் அப்படி இருந்ததில்லை. சுவரின் உச்சியில் விரிசல் தெரிந்தால் கொத்தனார் முதலில் கடைக்காலைத்தான் பார்ப்பார்.

உங்கள் நாவலையே எடுத்துக்கொள்வோம். 12ஆம் பக்கத்தில் தங்கை ஒரு தகரப் பெட்டியைத் திறந்து, அண்ணன் இத்தனை ஆண்டுகளாக அனுப்பிய கடிதங்களை எண்ணுகிறாள். ஒன்றைக்கூட அவள் பிரித்ததில்லை. ஆனால் ஒன்றைக்கூட எறிந்ததும் இல்லை. தேதிவாரியாக அடுக்கி, நூலால் கட்டி வைத்திருக்கிறாள். இதைப் படித்ததும் வாசகரின் மனத்தில் ஒரு கேள்வி உட்கார்ந்துவிடுகிறது: இவள் அந்தக் கடிதங்களைப் பிரிப்பாளா? கதவைத் திறப்பாளா என்ற கேள்வியும் இதுவும் ஒன்றேதான். உங்கள் சுருக்கத்தின்படி, 96ஆம் பக்கத்தில் அவள் பெட்டியை ஓர் அலமாரியின் மேல்தட்டுக்கு மாற்றுகிறாள். அதன்பிறகு 244 பக்கங்களில் அந்தப் பெட்டி ஓர் இடத்தில்கூட வருவதில்லை.

கதை சோர்ந்தது 180ஆம் பக்கத்தில் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். என் கணிப்பில் அது அந்த அலமாரியின் மேல்தட்டில் நின்றுபோய்விட்டது. அடுத்த எண்பது பக்கங்களை உங்கள் மொழியின் வேகம் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. வேகம் தீர்ந்தபோது கதை நகர வெளியிலிருந்து ஏதாவது வேண்டியிருந்தது. வழக்கு வந்தது, வழக்கறிஞர் வந்தார். அந்த வழக்கறிஞர் நன்றாகப் பேசுகிறார், அவர் பேச்சை ரசித்துப் படித்தேன். ஆனால் தங்கையின் கேள்விக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. விபத்து அந்தக் கேள்வியையே இல்லாமல் ஆக்கிவிடுகிறது: அண்ணன் இறந்துவிட்டதால் இனி அவள் எந்த முடிவும் எடுக்க வேண்டியதில்லை. அந்த இடத்தில் படிப்பவருக்கு வர வேண்டிய துக்கம் வராமல், ஏமாற்றப்பட்ட உணர்வு வருவது இதனால்தான்.

இது உங்களுக்கு மட்டும் நேர்ந்த இக்கட்டு இல்லை. நாவல்களின் முடிவு பொதுவாகவே பலவீனமாக இருக்கிறது என்றும், மரணமும் திருமணமும் இல்லாவிட்டால் சராசரி நாவலாசிரியர் கதையை எப்படி முடிப்பார் என்று தமக்குத் தெரியவில்லை என்றும் ஆங்கில நாவலாசிரியர் இ. எம். ஃபார்ஸ்டர் 1927இல், நாவல் கலை பற்றிய தம் உரைகளில் சொன்னார். இன்னொரு ஆங்கில நாவலாசிரியரான ஜார்ஜ் எலியட்டின் அனுபவம் உங்களுக்கு இன்னும் நெருக்கமானது. அண்ணன் தங்கை உறவை மையமாக வைத்து அவர் எழுதிய 'தி மில் ஆன் தி ஃப்ளாஸ்' 1860இல் வெளிவந்தபோது, முடிவு அவசரமாக வந்துவிட்டது என்ற விமர்சனம் எழுந்தது. அவர் அதை மறுக்கவில்லை. முதல் இரண்டு தொகுதிகளில் விஷயத்தின் மேலிருந்த ஆசையால் விரிவாக எழுதிவிட்டதாகவும், அதனால் மூன்றாம் தொகுதிக்கு வேண்டிய நிறைவு கிடைக்காமல் போயிற்று என்றும், அதற்காக எப்போதும் வருந்துவதாகவும் கடிதத்தில் எழுதினார். கோளாறு எங்கே தொடங்கியது என்பதை அவர் மிகச் சரியாகச் சுட்டுகிறார்: நேசித்து எழுதிய முன்பகுதியில்.

முடிவை முன்கூட்டியே தெரிந்துகொண்டு எழுதியிருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று நீங்கள் வருந்துகிறீர்கள். அதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. காஃப்கா 'விசாரணை'யை 1914இல் எழுதத் தொடங்கியபோதே முதல் அத்தியாயத்தையும் கடைசி அத்தியாயத்தையும் எழுதிவிட்டார்; நிறைவடையாமல் போனவை இடையிலிருந்த அத்தியாயங்கள்.

வாசகர் மன்னிப்பாரா?

உளவியலாளர் டேனியல் கானமன் தம் சகாக்களோடு செய்து 1993இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பங்கேற்றவர்கள் ஒருமுறை 14 டிகிரி குளிர்நீரில் 60 விநாடி கையை வைத்திருந்தார்கள். இன்னொரு முறை அதே 60 விநாடிக்குப் பிறகு, நீர் மெல்ல 15 டிகிரிக்கு ஏறும் மேலும் 30 விநாடிகள் வைத்திருந்தார்கள். எதைத் திரும்பச் செய்யத் தயார் என்று கேட்டபோது பெரும்பாலோர் நீளமான இரண்டாவதையே தேர்ந்தெடுத்தார்கள். மொத்த வேதனை அதில்தான் அதிகம். ஆனாலும் முடிவு சற்று இதமாக இருந்ததால் நினைவில் அது லேசாகத் தங்கிவிட்டது. குளிர்நீரும் நாவலும் ஒன்றில்லை என்பது எனக்குத் தெரியும். ஆயினும் ஓர் அனுபவத்தின் முடிவு, முழு அனுபவத்தின் நினைவையும் தன் நிறத்தில் தோய்த்துவிடுகிறது என்பதை எங்கள் மேசையில் நாள்தோறும் காண்கிறோம். 250 பக்கம் மகிழ்ந்து படித்தவர்கூட, புத்தகத்தை மூடி வைத்ததும் "ஏமாற்றிவிட்டார்" என்றுதான் சொல்கிறார். தொடக்கம் எவ்வளவு நன்றாக இருந்ததோ அவ்வளவு கோபம் வருகிறது. சுமாராகத் தொடங்கிய நாவலின் முடிவை யாரும் நினைவு வைத்துக்கொள்வதுகூட இல்லை. ஆகவே மன்னிப்பை நம்பிப் பிரதியை இப்படியே கொடுப்பது, உங்கள் முன்னிருக்கும் வழிகளில் எனக்கு மிகவும் ஆபத்தானதாகத் தெரிகிறது. முதல் நாவலுக்கு இது இன்னும் பொருந்தும்.

நண்பர்களின் யோசனையும் பதிப்பாளரின் யோசனையும்

முடிவைச் சொல்லாமல் விடுவது மதிப்புக்குரிய ஒரு முறைதான். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: வாசகர் தாமே முடிவை எட்டுவதற்கு வேண்டிய அத்தனையையும் ஆசிரியர் கொடுத்து முடித்திருக்க வேண்டும். தங்கை அலமாரியிலிருந்து பெட்டியை இறக்கி, முதல் உறையின் ஓரத்தைக் கிழிக்கிறாள் என்ற இடத்தில் நாவல் நின்றால், கடிதத்தில் என்ன இருந்தது என்று சொல்லாவிட்டாலும் அது நிறைவான முடிவு. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது, அண்ணன் எங்கோ ஊருக்குப் போயிருக்கும்போது நாவல் நின்றால் அது கைவிடப்பட்ட பிரதி. உங்கள் நண்பர்கள் சொல்வது இந்த இரண்டாவது வகை என்றே கடிதத்திலிருந்து புரிந்துகொள்கிறேன்.

நேர் எதிரான தவறும் உண்டு. கதையின் எல்லா இழைகளையும் முடிச்சுப்போட முனைவது. 1950இல் தொடங்கி 1954 வரை தொடராக வந்த 'பொன்னியின் செல்வன்' முடிந்ததும், பாத்திரங்கள் பின்னர் என்ன ஆனார்கள் என்ற வாசகர்களின் கேள்விகளுக்குக் கல்கி தனியே ஒரு முடிவுரை எழுதிப் பதில் சொன்னார். வாசகர்கள் பாத்திரங்களோடு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்ததன் அடையாளமாகவே அதைப் பார்க்கிறேன். அந்தக் கேள்விகளுக்கெல்லாம் கதைக்குள்ளேயே இடம் தேடியிருந்தால் கதையின் கடைசிப் பகுதி என்னவாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் வழக்கறிஞரின் மகளுக்குக் கடைசி அத்தியாயத்தில் திருமணம் நடக்கிறது. அது எதற்காக?

பதிப்பாளரின் யோசனை உங்களைப் புண்படுத்தியிருப்பது தெரிகிறது. முடிவை மாற்றச் சொல்வதே அவமதிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். டிக்கன்ஸ் 1861இல் தம் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலுக்கு எழுதியிருந்த சோகமான முடிவை, நண்பரான எட்வர்ட் புல்வர் லிட்டன் சொன்னதன் பேரில் மாற்றினார். எந்த முடிவு சிறந்தது என்று இன்றும் வாதிடுகிறார்கள். ஆனால் மாற்றி எழுதிய கை டிக்கன்ஸுடையது. உங்கள் பதிப்பாளர் ஒன்றைச் சரியாகப் பிடித்திருக்கிறார்: அண்ணன் சாகக் கூடாது. அவர் தரும் மருந்துதான் எனக்கு உவப்பாக இல்லை. இருவரும் சேர்கிறார்களா, பிரிகிறார்களா என்பது இரண்டாம்பட்சம். சேர்ந்தாலும் பிரிந்தாலும் தங்கை ஒன்றைச் செய்ததனால் அது நிகழ வேண்டும்.

ஒப்பந்தமும் உங்கள் உரிமையும்

ஒப்பந்தத்தின் நகலை நீங்கள் அனுப்பவில்லை. எனவே பொதுவாகவே சொல்கிறேன். நாவலின் சொற்கள் உங்களுடையவை. இலக்கியப் படைப்புகளைக் காக்கும் 1886ஆம் ஆண்டின் பெர்ன் உடன்படிக்கையில், 1928இல் ரோமில் நடந்த திருத்தத்தின்போது சேர்க்கப்பட்ட ஒரு விதி, தம் படைப்புக்குத் தாமே ஆசிரியர் என்று கோரும் உரிமையையும், தம் பெயருக்கோ மதிப்புக்கோ ஊறு செய்யும் வகையில் படைப்பைத் திரிப்பதையோ சிதைப்பதையோ எதிர்க்கும் உரிமையையும் எழுத்தாளருக்குத் தருகிறது. காப்புரிமையை விற்றுவிட்டாலும் இந்த உரிமை தனியே நிற்கும் என்பது அதன் அடிப்படை. இருந்தாலும் இது நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. சில நாடுகளில் இதை விட்டுக்கொடுப்பதாக எழுத்தாளர் ஒப்பந்தத்திலேயே கையெழுத்திட முடியும். ஆகவே ஒப்பந்தத்தை எடுத்து மூன்று இடங்களைப் பாருங்கள்.

முதலாவது, திருத்தும் உரிமை பற்றிய பிரிவு. எழுத்துப்பிழை, இலக்கணம், நடை ஆகியவற்றைச் செம்மையாக்கலாம் என்று மட்டும் இருக்கிறதா, அல்லது உள்ளடக்கத்தையும் மாற்றலாம் என்று இருக்கிறதா? ஆசிரியரின் எழுத்துமூலமான ஒப்புதலோடு என்ற சொற்கள் இருந்தால் கவலை வேண்டாம்.

இரண்டாவது, பிரதியை ஏற்றுக்கொள்வது பற்றிய பிரிவு. பதிப்பாளருக்கு நிறைவில்லை என்றால் திருத்த எத்தனை நாள் தருவார், அதன் பிறகும் ஏற்காவிட்டால் முன்பணம் என்னவாகும் என்பது அங்கே இருக்கும்.

மூன்றாவது, கெடுவை நீட்டிப்பதற்கான வழி. நீட்டிப்புக் கேட்பதை வெட்கத்துக்குரியதாக நினைக்கிறீர்கள். பதிப்பகங்களில் அது அன்றாடம் நடப்பது. தாமதமாகும் என்று முன்னதாகச் சொல்லும் எழுத்தாளரைவிட, கெடு அன்று சொல்லாமல் மறைபவரால்தான் எங்களுக்குச் சங்கடம்.

பதிப்பக எடிட்டர் கடைசி அத்தியாயங்களை எழுதித் தரும் யோசனையை மறுத்துவிடுங்கள் என்பதே என் கருத்து. அவர் திறமையானவராகவே இருக்கலாம். அவர் உங்களோடு உட்கார்ந்து நடுப்பகுதியைக் கேள்வி கேட்கட்டும். எங்கள் வேலை அதுதான். இதற்கிடையே வாய்ப்பேச்சில் எதற்கும் சரி என்று சொல்லிவிடாதீர்கள். ஒப்பந்தத்தில் புரியாத பிரிவு இருந்தால், உங்கள் ஊர்ச் சட்டம் அறிந்த ஒரு வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டுவது நல்லது.

இந்த மூன்று மாதத்தில்

முதல் இரண்டு வாரம் பிரதியைத் தொடாதீர்கள். 'டாம் சாயர்' எழுதிக்கொண்டிருந்தபோது கையெழுத்துப் பிரதியின் 400ஆம் பக்கத்தில் கதை நின்றுபோனதாகவும், தம் தொட்டி வற்றிவிட்டது என்று பின்னர்தான் புரிந்ததாகவும், இரண்டு ஆண்டு கழித்து எடுத்தபோது அது தானே நிரம்பியிருந்ததாகவும் மார்க் ட்வைன் சொல்லியிருக்கிறார். உங்களுக்கு இரண்டு ஆண்டு கிடைக்காது. ஒத்திவைத்தால் மட்டும் போதும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. அதே ட்வைன் 1876இல் தொடங்கி, இடையில் கிடப்பில் போட்டு, 1883இல் எழுதி முடித்த 'ஹக்கிள்பெரி ஃபின்'னின் கடைசிப் பகுதியை, வெறும் ஏமாற்று வேலை என்று ஹெமிங்வே 1935இல் கடிந்தார். ஆயினும் இரண்டு வார இடைவெளி, உங்கள் பிரதியை வேறொருவர் எழுதியதுபோல் படிக்கும் கண்ணைக் கொஞ்சமாவது தரும்.

பிறகு முதல் நூறு பக்கங்களைப் பென்சிலோடு படியுங்கள். வாசகருக்கு நீங்கள் கொடுத்த ஒவ்வொரு வாக்கையும் ஒரு தாளில் எழுதுங்கள்: திறக்காத கதவு, பிரிக்காத கடிதங்கள், அம்மா பெயரைச் சொல்லாமல் தவிர்க்கும் தங்கை. எதிரே, அது எந்தப் பக்கத்தில் நிறைவேறுகிறது என்று குறியுங்கள். உங்கள் தாளில் வெற்றிடங்கள் நிறைய இருக்கும், பதற வேண்டாம். எல்லாவற்றையும் நிரப்ப வேண்டியதில்லை. எதை நிரப்பப் போவதில்லையோ அதை முன்பகுதியிலிருந்து எடுத்துவிடலாம். பதினொரு முறை திருத்திய பக்கத்திலிருந்து ஒரு பத்தியை நீக்குவது வலிக்கத்தான் செய்யும்.

அடுத்து 96ஆம் பக்கத்துக்குப் போங்கள். அங்கிருந்து வழக்கு இல்லாமல், வழக்கறிஞர் இல்லாமல், தங்கை, அண்ணன், பெட்டி ஆகிய மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு அத்தியாயச் சுருக்கம் ஒன்று போட்டுப் பாருங்கள். நாவல் 340 பக்கத்திலிருந்து 240 ஆகக் குறையலாம். குறையட்டும். பக்க எண்ணிக்கை பற்றி ஒப்பந்தத்தில் ஏதும் இருந்தால் மட்டும் பதிப்பாளரிடம் பேசிக்கொள்ளுங்கள்.

கடைசி அத்தியாயத்தில் சிக்கும்போது, என்ன நடக்கிறது என்பது தெரியாமல் சிக்குகிறீர்களா, தெரிந்தும் சொல் கிடைக்காமல் சிக்குகிறீர்களா என்று பிரித்துப் பாருங்கள். 1929இல் வெளிவந்த 'எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்' நாவலின் கடைசிப் பக்கத்தை 39 முறை எழுதியதாக ஹெமிங்வே 1958இல் வெளியான நேர்காணலில் சொன்னார். சிக்கல் என்னவென்று கேட்டதற்கு, சொற்களைச் சரியாக அமைப்பதுதான் என்றார். அந்தச் சிக்கல் உழைப்பால் தீரும். நீங்கள் இருப்பது அதற்கு முந்தைய சிக்கலில் என்று நினைக்கிறேன். ஏனென்றால் உங்கள் பிரதியில் நான் தேடியும் கிடைக்காத ஒன்று இருக்கிறது: அண்ணன் அந்தக் கடிதங்களில் என்ன எழுதினான்? தங்கைக்குத் தெரியாமல் இருக்கலாம், வாசகருக்கும் தெரியாமல் போகலாம். உங்களுக்கே தெரியாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இந்த வாரம் பதிப்பாளருக்கு நான்கு வரியில் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: நடுப்பகுதியை மாற்றி எழுதப் போவதாகவும், அதற்கான அத்தியாயச் சுருக்கத்தை ஐந்து வாரத்தில் தருவதாகவும், அதைப் பார்த்தபின் கெடுவைப் பற்றிப் பேசலாம் என்றும், முடிவை நீங்களே எழுதுவீர்கள் என்றும் சொல்லுங்கள். பிறகு, பிரதியைத் திறக்காமல், தனித்தாளில் அண்ணனின் முதல் கடிதத்தை எழுதுங்கள். வீட்டைவிட்டுப் போன முதல் மாதத்தில், தங்கை பிரிக்க மாட்டாள் என்று தெரியாத காலத்தில், அவன் எழுதிய கடிதம். அது நாவலில் இடம்பெற வேண்டியதில்லை. எழுதி முடித்தபின், விரும்பினால் எனக்கு அனுப்புங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.